துபாய்க்குப் புறப்படும் தம்பிக்கு

தேரா நைஃப் பக்கம் மீன் பொரிக்கும் வாடை ஓயாத ஒரு சந்தில் டைப்பிங் சென்டர் ஒன்று உண்டு. 1993இல் அதில் போய் உட்கார்ந்தேன், 2022இல் எழுந்தேன். புது விசா, புதுப்பிப்பு, குடும்ப விசா, கேன்சல் என்று எத்தனை ஆயிரம் விண்ணப்பம் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அரபியில் தடுமாறாமல் அடிப்பேன், பேசச் சொன்னால் தடுமாறுவேன்.

ஊருக்கு வந்தபின், யார் வீட்டுப் பையன் வெளிநாடு கிளம்பினாலும் கையைப் பிடித்து எங்கள் திண்ணைக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். "பெரியப்பா, இவனுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க." நாலு வார்த்தையில் முடிகிற விஷயமா இது? அதனால் எழுதி வைக்கிறேன். இது அமீரகத்துக்கு மட்டும். சவூதிக்கும் கத்தாருக்கும் சட்டம் வேறு. அங்கே போகிறவன் அங்கே இருந்துவந்தவனைத் தேடிப் போய்க் கேட்கட்டும். தம்பி என்று எழுதினாலும் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1. "விசா வந்தாச்சு" என்பது பாதிச் சேதி. நீ அங்கே இருக்க அனுமதி கொடுப்பது இமிக்ரேஷன். வேலை செய்ய அனுமதி கொடுப்பது லேபர் அமைச்சகம், ஃப்ரீ ஸோன் கம்பெனி என்றால் அந்த ஸோனின் ஆபீஸ். துபாயில் முதல் காகிதத்துக்கு அமர் சென்டர், இரண்டாவதற்குத் தஸ்ஹீல். இரண்டிலும் ஒரே கம்பெனி பெயர் இருக்கிறதா, அந்தக் கம்பெனியில்தான் நீ வேலை செய்யப் போகிறாயா, இதை முதலில் பார். பேங்க் கணக்கு, செல்போன் சிம், வீட்டு ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், நாளைக்கு உன் பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு விசாவில்தான் தொங்குகின்றன. அது அறுந்தால் ஒவ்வொன்றாக விழும். அந்தக் கயிற்றின் மறுமுனை கம்பெனி கையில் இருக்கிறது. அது எவ்வளவு நீளம், எந்தத் தேதியில் முடிகிறது என்பதாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

2. ஆஃபர் லெட்டரைத் தமிழில் கேள். பலருக்கும் தெரியாத சேதி இது. 2016 முதல் லேபர் அமைச்சகத்தின் இந்த ஆஃபர் லெட்டர், அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற இன்னொரு மொழியிலும் இருக்க வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. இந்தி, மலையாளம், வங்காளத்தோடு நம்முடையதும் இருக்கிறது. ஊரில் கையெழுத்துப் போட்ட கடிதமும் அங்கே போனபின் நீட்டுகிற ஒப்பந்தமும் ஒன்றாக இருக்க வேண்டும், சம்பளத்தைக் குறைத்து வேறு தாள் நீட்டக்கூடாது. ஏஜென்ட் "அதெல்லாம் ஃபார்மாலிட்டி தம்பி" என்று சிரித்தால், அந்தச் சிரிப்புக்காகவே ஒருமுறைக்கு இருமுறை படி. ஒரு காப்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

3. ஏஜென்ட் விஷயம் கொஞ்சம் நீளம்.

விசாவுக்கும் லேபர் கார்டுக்கும் ஆகும் செலவு முதலாளியுடையது. அதைத் தொழிலாளியிடம் வாங்குவதை அமீரகச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று யோசி. பதிவு பெற்றவனா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசுக்கே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கே ஒருநாள் போய் விசாரிப்பதில் என்ன நஷ்டம்?

"ஃப்ரீ விசா" என்று ஒன்று விற்பார்கள், இந்திக்காரன் ஆசாத் விசா என்பான். ஒரு கம்பெனி பெயரில் விசா எடுத்துக்கொண்டு வெளியே எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. நான் அடித்த அத்தனை விண்ணப்பத்தில் அந்தப் பெயரில் ஒரு கட்டமும் இருந்ததில்லை. விசா ஒரு கம்பெனியில், வேலை இன்னொன்றில் என்று பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல். 2024இல் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைக்கிற முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹமிலிருந்து பத்து லட்சம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் செக்கிங் வந்தால் முதலாளி உன்னைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்வான்.

பத்தாம் வகுப்பு தேறாதவன் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருக்கும். வேலை விசாவில் அமீரகம் போக அவனுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதைத் தொல்லை என்று நினைத்து விசிட் விசாவில் சுற்றிப் போகிறவர்கள் அதிகம். அந்த அனுமதியோடு வருகிற பிரவாசி பாரதிய பீமா காப்பீடு பத்து லட்ச ரூபாய்க்கு. பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். சுற்றிப் போகிறவன் அதையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகிறான்.

4. பெயர். நம்மவர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் போட்டு, மற்றக் கட்டம் காலியாக இருந்தால், 2022 நவம்பர் முதல் விசிட் விசாவில் ஏற்றமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இளக்கினார்கள். இளக்கியதை நம்பிக் கவுன்டரில் நின்று வாதாடுவதைவிட, கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொள். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார், திருமணச் சான்று நாலிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். ஒன்றில் "th", இன்னொன்றில் வெறும் "t" என்று இருந்த ஒரே காரணத்தால், மனைவிக்கு விசா எடுக்க எட்டு மாதம் அலைந்தவரை எனக்குத் தெரியும்.

5. விசிட் விசாவில் வேலை தேடலாம், வேலை செய்யக்கூடாது. "ட்ரையல்" என்று இரண்டு வாரம் வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற கடைகள் உண்டு, ஏமாறாதே. பட்டதாரிகளுக்கு வேலை தேடவென்றே 60, 90, 120 நாள் விசா 2022 அக்டோபரில் வந்தது. அதற்கு ஸ்பான்சர் தேவையில்லை, ஆனால் படிப்பு, பல்கலைக்கழகம் என்று நிபந்தனைகள் உண்டு. திரும்பும் டிக்கெட், தங்குமிட ஆதாரம், செலவுக்குப் பணம் மூன்றையும் கையில் வைத்திரு, ஏறும்போதே கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் விசிட் முடிந்தால் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், புது விசா வரும்வரை மணலைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். இரண்டு நாளில் வரும் என்று போனவன் இரண்டு மாதம் கிடந்ததும் உண்டு. அங்கிருந்து ஃபேக்ஸ் வரும், "அண்ணே என் பேப்பர் என்னாச்சு" என்று. பதில் எழுத என் கையில் எதுவும் இருக்காது.

6. இங்கே பார்க்கிற வேலையை ராஜினாமா செய்யும் முன், ஊரிலேயே நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்று எடுத்துப் பார். அங்கே போனபின் ரத்தமும் எக்ஸ்-ரேயும் எடுப்பார்கள். எச்.ஐ.வி.யும் காசநோயும்தான் முக்கியம். சின்ன வயதில் வந்து ஆறிய காசநோய்த் தழும்பு எக்ஸ்-ரேயில் தெரிந்து, வந்த வேகத்தில் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்து அந்தச் சேதியைக் கேட்பது மகா கொடுமை.

7. பெட்டியில் கசகசா வைக்காதே. சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன். குருமாவுக்கு ஆகுமே என்று அம்மா ஒரு பொட்டலம் கட்டி வைப்பாள். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற தடைப்பொருள். மசாலாப்பொடியில் அரைத்துச் சேர்த்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். டிராமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து எடுப்பவன் என்றால், டாக்டர் சீட்டோடு அந்நாட்டு அரசின் முன்அனுமதி வாங்கிக்கொண்டு போ. இன்னொருவர் கொடுத்துவிடும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. அவர் உன் சித்தப்பாவாகவே இருந்தாலும்.

8. சம்பளத்தைப் பேசும்போது மொத்தத்தைப் பேசாதே, பேசிக்கைப் பேசு. இதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராட்சுவிட்டி பேசிக் சம்பளத்தை வைத்து மட்டும்தான். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். ஒரு வருடம் முழுதாக முடிக்காதவனுக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு காலம் உழைத்தாலும் மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது. இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள். இருவருக்கும் மாதம் 4,000 திர்ஹம். ஒருவனுக்குப் பேசிக் 1,600, மீதி அலவன்ஸ். மற்றவனுக்குப் பேசிக் 2,800. ஐந்து வருடம் கழித்து முதலாமவன் வாங்குவது 5,600. இரண்டாமவன் வாங்குவது 9,800. ஒரே மேசை, ஒரே வேலை. கையெழுத்துப் போட்ட அன்று ஒருவன் கேட்டான், ஒருவன் கேட்கவில்லை.

2022 பிப்ரவரியில் புதுத் தொழிலாளர் சட்டம் வந்தது. காலவரையற்ற ஒப்பந்தம் போய் எல்லாம் தவணை வைத்த ஒப்பந்தமாகிவிட்டது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. வேலை விட்டபின் 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவனுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 வரை கட்டாய ஓய்வு.

9. பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கட்டும். "சேஃப்டிக்கு" என்று கம்பெனி வாங்கி வைப்பது அங்கே சட்டப்படி தவறு. கேட்டு வாங்கு, மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

10. அறை. முதல் வருடம் பெட்ஸ்பேஸ்தான், வேறு வழியில்லை. கராமா, சத்வா, தேரா, ஷார்ஜாவின் ரோலா, எங்கே போனாலும் இரட்டை அடுக்குக் கட்டில், பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறை, காலை ஐந்து மணிக்கு வரிசை. மூட்டைப்பூச்சியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். அதை விடு. காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. வீட்டு ஒப்பந்தம் துபாயில் இஜாரி என்கிற பதிவில் இருக்கிறதா, குடியிருப்போர் பட்டியலில் உன் பெயரைச் சேர்ப்பார்களா? 2025 கோடையில் ரிக்கா, முரக்கபாத், சத்வா பகுதிகளில் பலகை வைத்துத் தடுத்த அறைகளை மாநகராட்சி இடிக்கச் சொன்னபோது, பெயர் எங்கும் இல்லாதவர்கள் பெட்டியோடு தெருவில் நின்றார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அவர்களிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை.

11. தேதி. உன் எமிரேட்ஸ் ஐடியில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். முன்பு பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், புரட்டினால் கண்ணில் படும். 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது அட்டைதான் எல்லாம். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் செல்போனில் அலாரம் வை. கம்பெனி பி.ஆர்.ஓ. பார்த்துக்கொள்வார் என்று இராதே, அவருக்கு முந்நூறு தேதி. கெடு தாண்டி இருந்தால் நாளுக்கு 50 திர்ஹம், மாதத்துக்கு 1,500. அது உன் சம்பளமாகவும் இருக்கலாம். 2018இலும் 2024இலும் பொதுமன்னிப்பு கொடுத்தார்கள் என்பதற்காக அடுத்ததும் வரும் என்று காத்திருக்கக்கூடாது. நடுவில் காய்ச்சல் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து அறைக்குள் கிடந்தவர்களை நான் அறிவேன்.

இன்னொரு தேதியில் நானே விழுந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செத்துவிடும். 1999இல் அப்பாவுக்குப் பக்கவாதம். ஊருக்கு வந்தவன் அவரை விட்டு நகர முடியவில்லை. ஆறு மாதமும் பதினோரு நாளும் ஆகிவிட்டது. அடுத்தவர்களுக்கெல்லாம் இந்த விதியைச் சொல்லிச் சொல்லி அனுப்பியவன் நான். சென்னை விமான நிலையத்தில் அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினேன். புது விசா, புது மெடிக்கல், எல்லாம் முதலிலிருந்து. செலவை அப்போதைய முதலாளி என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார். அப்படிப் பிடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. அப்பா அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினோரு நாளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. 178ஆம் நாள் ஒருமுறை போய் இறங்கிவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்பதுதான்.

12. சம்பளம் வரவில்லை என்றால் ஓடிவிடாதே. ஓடுவதுதான் முதலாளிக்கு நீ செய்கிற பெரிய உபகாரம். ஏழு நாள் தொடர்ந்து நீ வேலைக்கு வராமல், எங்கே இருக்கிறாய் என்றும் தெரியாமல் போனால், ஆள் தலைமறைவு என்று அவன் புகார் கொடுக்கலாம், "அப்ஸ்கான்டிங்" என்பார்கள். அதன்பின் சம்பளப் பாக்கி கேட்க வேண்டியவன் நீ, குற்றவாளியாக நிற்பவனும் நீ.

நீ முந்திக்கொள். 2009 முதல் சம்பளம் பேங்க் வழியாகத்தான் போக வேண்டும், போகாத மாதம் அரசாங்கத்தின் கணினியிலேயே தெரியும். லேபர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கச் செல்போன் போதும். 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட வழக்கை 2024 முதல் அமைச்சகமே தீர்த்துவைக்கிறது, வக்கீல் வேண்டாம். கையில் என்ன இருக்க வேண்டும்? ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், வருகைப் பதிவின் போட்டோ, மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப். ரசீது என்று யார் எதைக் கொடுத்தாலும் எடுத்து வை. நான் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருந்தேன்.

வேலை போனால் மூன்று மாதம்வரை பேசிக்கில் 60 சதவீதம் தருகிற காப்பீடு 2023இல் வந்தது. பேசிக் 16,000க்குள் இருந்தால் மாதம் 5 திர்ஹம்தான். சேராவிட்டால் 400 திர்ஹம் அபராதம். ஒரு வருடம் கட்டியிருக்க வேண்டும், நீயாக ராஜினாமா செய்தால் கிடையாது.

13. குடும்பம். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000த்தோடு கம்பெனி வீடு இருந்தால் மனைவி மக்களுக்கு விசா எடுக்கலாம். எடுக்கலாம் என்பது வேறு, அந்தச் சம்பளத்தில் அங்கே குடும்பம் நடத்தலாம் என்பது வேறு. இரண்டாவதை எவனும் அடித்துக் கொடுக்கமாட்டான். திருமணச் சான்று மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று நாலு முத்திரை வாங்க வேண்டும். மூன்று முத்திரையை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடு. அங்கே பிள்ளை பிறந்தால் 120 நாளுக்குள் பிறப்புச் சான்று, இந்தியப் பாஸ்போர்ட், விசா மூன்றும் முடிய வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 திர்ஹம். மகனை 25 வயதுவரை உன் விசாவில் வைக்கலாம், முன்பு 18தான். பன்னிரண்டாம் வகுப்பு நெருங்கும்போது, வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர் பிள்ளைகளுக்கு என்.ஐ.டி.களில் உள்ள தனி ஒதுக்கீட்டைப் பற்றி விசாரி. தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

14. பணம். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டாதே. வெளிநாட்டில் குடியிருப்பவன் ஆனதும் அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றச் சட்டம் சொல்கிறது. அங்கே சம்பாதிப்பதை என்.ஆர்.இ. கணக்கில் போடு, வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. உண்டியலில் அனுப்பாதே. வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறான், ரேட்டும் கூடக் கொடுக்கிறான், உண்மைதான். பிடிபட்டால் உன் பணம் யாருடைய பணம் என்று நீதான் நிரூபிக்க வேண்டும், அந்தக் காகிதம் உண்டியலில் வராது. 1966 வரை அந்தக் கடைத்தெருக்களில் நம் ரூபாய்தான் ஓடியது என்று என் முதல் முதலாளி சொல்வார். இன்று திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.6725, 1997 முதல் மாறவில்லை. ரூபாய் சரியும்போதெல்லாம் ஊருக்கு அனுப்ப லைனில் நிற்பார்கள், வீட்டில் அன்று பாயசம்.

சம்பளம் ஏறியதும் பேங்க்காரன் கிரெடிட் கார்டைக் கையில் திணிப்பான். கடனோடு வேலை போனால் கடைசிக் கணக்குப் பணத்தை பேங்க் பிடித்துக்கொள்ளும், வழக்கானால் நாட்டைவிட்டு வெளியேறவும் தடை வரும். செக் திரும்பினால் நேரே ஜெயில் என்பது 2022இல் பெரும்பாலும் மாறிவிட்டது. வெளியேறத் தடை மாறவில்லை. அடுத்தவன் கடனுக்கு உன் செக்கைக் கொடுக்காதே.

15. அறையில் ஒருவனுக்கு ஆபரேஷன் என்று வாட்ஸ்அப்பில் வசூல் செய்தி போடாதே. மனசு நல்ல மனசுதான். அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது அங்கே குற்றம். அனுமதி பெற்ற தொண்டு அமைப்பு வழியாகவோ இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவோ போ. அங்கே இந்தியர் நல நிதி என்று ஒன்று இருக்கிறது. குழுவில் ஒருவனைத் திட்டுவதும், கேட்காமல் போட்டோ எடுப்பதும் இதே ரகம்.

16. கோல்டன் விசா, கிரீன் விசா என்று கேள்விப்படுவாய். உனக்கு இப்போது அது இல்லை, இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள். கிரீன் என்பது ஐந்து வருடம், ஸ்பான்சர் வேண்டாம். பட்டப்படிப்பும் 15,000 திர்ஹம் சம்பளமும் உள்ள திறன் தொழிலாளிக்குக் கிடைக்கும். கோல்டன் பத்து வருடம். 20 லட்சம் திர்ஹமுக்குச் சொத்து, அல்லது 30,000 சம்பளத்தில் உயர்பணி, இப்படிப் பல வழி. அதில் ஆறு மாத விதி கிடையாது. 55 வயது தாண்டியவர்க்கு ஓய்வுகால விசா உண்டு, பத்து லட்சம் திர்ஹம் சேமிப்போ சொத்தோ காட்டுவது ஒரு வழி. என்னிடம் பிஸ்கட் டின்தான் இருந்தது. 2025 ஜூலையில், ஒரு லட்சம் திர்ஹம் கட்டினால் இந்தியருக்கு வாழ்நாள் கோல்டன் விசா என்று பத்திரிகைகளிலேயே வந்தது. அந்நாட்டு அரசே அதை மறுத்தது. அந்த வாரம் எனக்கு ஒன்பது போன் வந்தது.

17. சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா படிக்காமல் பார்த்துக்கொள். அங்கே ஒருவர் இறந்தால் பேங்க் கணக்கை முடக்குவார்கள். கூட்டுக் கணக்கு என்று நம்பியிருந்த மனைவிக்குச் செலவுக்குக்கூட எடுக்க முடியாமல் போயிருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதிப் பதிவு செய்யலாம். உயில் இல்லாவிட்டால் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரீஅத்படி. உடலை ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரி, போலீஸ், விசா கேன்சல், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, எம்பாமிங் என்று காகிதம் நகர வேண்டும். உன் பாஸ்போர்ட் காப்பி, இன்ஷூரன்ஸ், வீட்டு நம்பர் மூன்றும் அறையில் ஒருவனுக்காவது தெரிந்திருந்தால் இரண்டு நாளில் முடிகிறது. யாருக்கும் தெரியாவிட்டால் வாரக்கணக்கு.

18. திரும்பும்போது. கேன்சல் தாளில் "என் பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். பணம் கைக்கு வராமல் அதன்கீழே கையெழுத்துப் போடாதே. "போடு, நாளைக்கு அக்கவுன்ட்டில் விழும்" என்பார்கள். கேன்சல் ஆனபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது விசா வகையைப் பொறுத்து மாறும், அதிகபட்சம் 180 நாள். உன்னுடையது எவ்வளவு என்று தளத்தில் பார். அதற்குள் வீட்டு ஒப்பந்தம், மின்சார டெபாசிட், சிம், கடன் அட்டை எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூடியதற்குத் தாள் வாங்கு.

என் கேன்சலை நானேதான் அடித்தேன். 2022 மார்ச், ஒரு வியாழக்கிழமை மதியம். பெயர், தேசியம், பாஸ்போர்ட் எண், காரணம் என்ற கட்டத்தில் ராஜினாமா. பக்கத்து மேசை மலையாளி கேட்டான், "சேட்டா, ஸ்பெல்லிங் சரி பார்த்தீங்களா?" பார்த்தேன். கட்டணத்தைக் கட்டினேன். ரசீதை மடித்து டின்னுக்குள் போட்டேன்.